இரண்டு பேர் தூக்க வேண்டிய பாம்பு

எலியின் வால் மட்டும் வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் டோரீன் நாட்காட்டியைப் பார்த்தாள். நிலவறைச் சுவரில், ஃப்ரீசருக்கு மேலே அது மாட்டியிருந்தது. பாம்புக்குச் சாப்பாடு போடும் நாளைப் பென்சிலால் வட்டமிடுவது அந்த வீட்டுப் பழக்கம். மூன்று வாரத்துக்கு ஒரு வட்டம். அடுத்த வட்டம் வருகிற வியாழக்கிழமையில் இருந்தது. இன்று வெள்ளி. நாளைய சனிக்கிழமையிலும் ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் அவளுடைய கையெழுத்திலேயே, 'பெமிஜியிலிருந்து வருகிறார்கள், பதினொரு மணி' என்று எழுதியிருந்தது.

நீண்ட இடுக்கியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் பெல்லமி டீச்சர் என்கிற அந்தப் பாம்பு தாடையை ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டது. வாலும் உள்ளே போய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ஃப்ரீசர் மூடியில் கணவர் ஆர்வோ எழுதி ஒட்டிய அட்டை, ஓரங்கள் சுருண்டு, இன்னும் இருந்தது. கப்பல் துறையில் முப்பத்தோரு வருடம் எச்சரிக்கைப் பலகைகளோடு வாழ்ந்த மனிதர், வீட்டிலும் கொட்டை எழுத்தில்தான் எழுதுவார். சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடாதே. பத்து நாள் எங்கும் கொண்டுபோகாதே. தூக்க இரண்டு பேர் வேண்டும். போவா என்கிற இந்தப் பெரும்பாம்பை வளர்க்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிறு நிறைந்த பாம்பை ஒரு பெட்டியில் போட்டு, ஏப்ரல் குளிரில், பெமிஜி ஊர்வரை மூன்று மணி நேரம் வண்டியில் குலுக்கிக்கொண்டு போனால் தின்றதை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளிய பாம்பு பிழைப்பது பாதிக்குப் பாதிதான். ஆகவே நாளை இதை வாங்க வருகிறவர்களால் கொண்டுபோக முடியாது.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அறுபத்திரண்டு வயதில் மறதிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் நேற்று ராத்திரி எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தது இந்தக் கைதான். காலையில் பையோடு வெந்நீரில் மிதக்கவிட்டு, நீர் ஆற ஆற இரண்டு தரம் மாற்றி, எலியின் நடுவயிறு வரை சூடேறிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்ததும் இதே கை. மறதி என்பது ஒரு நொடியில் நடப்பது. இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்ததை எந்தப் பெயரால் சொல்வது?

பாம்பு ஆர்வோவுடையது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் செயின்ட் பால் நகரத்தில் நடந்த ஊர்வனச் சந்தைக்கு நண்பர் ஒருவரோடு பொழுதுபோகாமல் போனவர், உருளைக்கிழங்கு சாலட் விற்கும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கிண்ணத்துக்குள் ஷூ கயிறு போல ஒன்று சுருண்டிருந்தது. டோரீன் ஆறு நாள் அவரோடு பேசவில்லை. ஏழாம் நாள், "மேல கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான்," என்றாள். பேர் வைத்தது அவர். அவருடைய ஐந்தாம் வகுப்பு டீச்சர் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பி, குற்றவாளியைப் பார்ப்பாராம். இதுவும் அப்படித்தான் பார்த்தது. பெல்லமி டீச்சர் வளர்ந்து எட்டரை அடியானது. பதினோரு கிலோ. ஒரு கட்டத்துக்கு மேல் ஆர்வோவால் தனியாகத் தூக்க முடியவில்லை. அப்படித்தான் டோரீன் நிலவறைப் படிகளில் இறங்கினாள். தலைப்பக்கம் அவர், வால்பக்கம் இவள். பெட்டியைச் சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில், இருவரும் ஒரு நீளமான கம்பளத்தைச் சுமப்பவர்கள்போல அதைச் சுமந்து, குளியல்தொட்டியில் இறக்கி, மறுபடி தூக்கிவந்து வைப்பார்கள். அந்த நேரத்தில்தான் இருவரும் பேசுவார்கள். மின்கட்டணம், மகனுடைய வேலை, யார் யாரோடு பேசுவதில்லை. பாம்பின் இரண்டு முனைகளில் நின்றுகொண்டு பேசுவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட எளிதாக இருந்தது. பாம்பின் பின்பாதியை மட்டுமே தெரிந்தவளாக அவள் எத்தனையோ வருடம் இருந்தாள்.

போன வருடம் பிப்ரவரியில் ஆர்வோ போனபிறகு தலையையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

விளம்பரத்தைப் பாம்பு வளர்ப்பவர்களின் குழுவில் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. இனாமாகக் கொடுத்தால் தோலுக்கும் வேடிக்கைக்கும் வாங்குகிறவர்கள் வருவார்கள் என்பதால் நூற்றைம்பது டாலர் என்று போட்டாள். கீழே ஒரு நிபந்தனை: 'வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இருவரும் நேரில் வர வேண்டும்.' பதில்கள் குவிந்தன. ஒருவன் பாம்புக்குப் பதிலாக ஒரு பனிச்சறுக்குப் பலகை தருவதாக எழுதினான். இன்னொருவன், கடிக்குமா என்று மட்டும் கேட்டான். ஒரு பெண் நள்ளிரவில் எழுதினாள்: 'என் முன்னாள் புருஷன் வீட்டு விலாசம் தருகிறேன், அங்கே கொண்டுபோய் விட முடியுமா?' டோரீன் அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் சமையலறை எவ்வளவு பெரியது என்று தோன்றியது.

பீனிக்ஸிலிருந்து மகன் கூப்பிட்டபோது அவனிடமும் சொன்னாள்.

"அப்பாடா," என்றான் அவன். "மிருகக்காட்சிசாலைல குடுத்துடும்மா. நீ எதுக்குக் கண்டவங்க கிட்டல்லாம் பேசிட்டு."

"அவங்க எடுத்துக்க மாட்டாங்கடா. போவா வேணாம்னு போர்டே வெச்சிருக்காங்க."

"அப்பாதான் போய்ட்டார்ல. நீ எதுக்கு இன்னும் எலி வேவிச்சுட்டிருக்க?"

"வேவிக்கறதில்ல. சூடு பண்றது."

"ரொம்ப முக்கியம்," என்று சிரித்தான். அவன் நல்ல பையன். ஞாயிறுதோறும் கூப்பிடுவான். அங்கே வெயில் எவ்வளவு என்று சொல்வான்.

ஏன் இப்போது, இத்தனை மாதம் வைத்திருந்துவிட்டு, என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையில் கிடைத்த ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருப்பாள்.

நடந்தது இதுதான். விளம்பரம் போட்ட அன்று காலை, சமையலறைத் தொட்டியில் எலியைச் சூடேற்ற வைத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவாமல், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தாள். கொக்கிக் கம்பியால் பாம்பின் உடம்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 'இது சாப்பாடு இல்லை, நான்தான்' என்று அதற்குத் தெரியவேண்டிய தட்டு. தட்டவில்லை. கை உள்ளே போனதைத்தான் அவள் கண்டாள். அடுத்துக் கண்டது, முன்கையில் கவ்வியிருந்த தலையை. வலி பெரிதாக இல்லை, ரோஜாச் செடிக்குள் கையை விட்டதுபோல. அதற்குள் ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று, முழங்கைக்கு மேலே மூன்றாவது.

இதற்கெல்லாம் வழி உண்டு. இரண்டாவது ஆள் வாலைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். தலையிலிருந்து பிரிக்க முயன்றால் பிடி இறுகும். வால்பக்கம் நிற்க வேண்டியவள் அவள்தான். இப்போது வால்பக்கம் யாரும் இல்லை. இரண்டாவது வழி, வாயோரத்தில் வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷ் ஊற்றுவது. காட்டம் தாங்காமல் விட்டுவிடும். மவுத்வாஷ் மாடியில், குளியலறை அலமாரியில் இருந்தது. பதினோரு கிலோவைக் கையில் சுமந்துகொண்டு இரண்டு மாடி ஏறுவது கடினம்தான், முடியாததில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆனால் நாற்பது நிமிடம் ஆனது.

மீதி முப்பது நிமிடம் அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிடி மூச்சுக்கு மூச்சு மாறியது. கொஞ்சம் தளரும், என்னவோ யோசிப்பதுபோல நிற்கும், மறுபடி இறுகும். விரல் நுனிகள் ஊதா நிறமாகின. மேலே வானொலியில் யாரோ ஏரியின் பனி எப்போது உடையும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் உயிர் தன் முழு பலத்தோடு தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர அவள் வேறெதையும் நினைக்கவில்லை. பதினான்கு மாதத்தில் அவளைத் தொட்டவர்கள் என்று எண்ணினால் பல் வைத்தியர், சர்ச்சில் கை குலுக்குகிறவர்கள், முடி வெட்டுகிற பெண். இந்தப் பாம்பு அவளை எலி என்று நினைத்துப் பிடித்திருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

பிறகு எழுந்தாள். மாடியேறினாள். ஊற்றினாள். கையைக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. கடித்ததற்காக இல்லை. அன்று மாலையே விளம்பரத்தை எழுதினாள்.

இப்போது இந்த எலி.

பெமிஜிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். எண் நாட்காட்டியின் ஓரத்திலேயே இருக்கிறது. 'தவறு நடந்துவிட்டது, பத்து நாள் கழித்து வாருங்கள்.' ஒரே வாக்கியம். மத்தியானம் துணி துவைத்தாள். நாளைக்கு வருகிறவர்களுக்காக மாவு பிசைந்து ஏலக்காய் ரொட்டி சுட்டாள். பாம்பு போகப்போவதில்லை என்று தெரிந்தே, அதை வழியனுப்ப வருகிறவர்களுக்கு ரொட்டி சுடுகிற தன்னை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். ஐந்து மணிக்கு, இப்போது வேலையில் இருப்பார் என்று நினைத்தாள். ஏழு மணிக்கு, சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒன்பது மணிக்கு, இனிமேல் கூப்பிடுவது மரியாதை இல்லை.

அவர்கள் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். சேறும் உப்பும் படிந்த பெரிய வண்டி. இறங்கியவருக்கு ஐம்பது சொச்சம் வயதிருக்கும், நல்ல உயரம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், பெயர் டெல்மர். எழுத்தில் பேசியதிலிருந்து அவ்வளவுதான் தெரியும். கூட வந்த பெண் சின்ன உருவம், பச்சைக் கோட்டு. வாசலிலேயே, "நான் கெயில். பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

டோரீன் காப்பி ஊற்றினாள். கெயில் ரொட்டியில் ஒரு துண்டை முடித்து இன்னொன்றை எடுத்தாள். டெல்மர் தன் துண்டைத் தட்டில் திருப்பித் திருப்பி வைத்தார்.

"வர்ற வழில வண்டிய அடுப்பு மாதிரி சூடு பண்ணிட்டு வந்தான்," என்றாள் கெயில். "பாம்புக்குக் குளிருமாம். பாம்பு இன்னும் வண்டிலயே ஏறல. நான் கோட்டக் கழட்டி, ஸ்வெட்டரக் கழட்டி, இன்னும் கொஞ்சம் விட்டா மானம் போயிருக்கும்."

"திரும்பறப்போ சூடா இருக்கணும்ல," என்றார் டெல்மர்.

"காலிப் பொட்டிய ஆறு மாசமா சூடு பண்றவன்தானே நீ. கேளுங்க மேடம், இவன் பாம்பு அக்டோபர்ல செத்துப்போச்சு. பொட்டிக்குள்ள ஒண்ணுமில்ல. லைட்டு எரியுது, ஹீட்டர் ஓடுது. கரண்ட்டு பில்ல பாத்தா உள்ள குடும்பமே குடியிருக்கறாப்ல இருக்கும்."

டெல்மர் கோப்பைக்குள் பார்த்தார். "அணைக்கணும்னுதான் நெனச்சேன்," என்றார்.

கீழே போகலாமா என்று டோரீன் கேட்டாள். படியில் இறங்கும்போது, இப்போது சொல்லிவிட வேண்டும், இந்தப் படியில், இல்லை அடுத்த படியில், என்று எண்ணிக்கொண்டே போனாள். படிகள் முடிந்துவிட்டன. கெயில் கடைசிப் படிக்கு மேலே நின்றுவிட்டாள்.

"டெல்மர், நீ பாம்புன்னு சொன்ன. இது தீயணைப்பு வண்டிக் குழாய்."

அவர் காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு சத்தமில்லாமல் இறங்கிய விதத்தில், இதை அவர் ஆயிரம் தடவை செய்திருக்கிறார் என்பது தெரிந்தது. பெல்லமி டீச்சர் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. டெல்மரின் முகத்தில் ஒன்று மலர்ந்தது. டோரீன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள். வேறொருவருடைய கடிதத்தைப் படித்துவிட்டதுபோல இருந்தது.

பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. அவர் பார்வை பாம்பின் நடு உடம்பில் நின்றது.

"எப்ப சாப்ட்டா?"

போன வாரம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நேத்து," என்றாள்.

"நேத்தா."

"நேத்துக் காலைல."

டெல்மர் தலையை ஆட்டினார், ரொம்ப நேரம்.

"அதனால என்ன?" என்றாள் கெயில் படியிலிருந்து. "நானும் காலைல சாப்ட்டுட்டுத்தான் வண்டில ஏறினேன்."

"பத்து நாளைக்கு அவள அசைக்கக் கூடாது, கெயில். வெளிய தள்ளிடுவா. செத்தும் போயிடலாம்."

"பத்து நாளா? அப்ப இன்னிக்கு வெறுங்கையோடவா திரும்பறது? என் சனிக்கிழம போச்சா? மத்தியானச் சாப்பாடு வாங்கித் தர்றேன், பக்கத்துல பொண்டாட்டி மாதிரி சும்மா நின்னாப் போதும்னான். நானும்…"

அவளே நிறுத்திக்கொண்டாள். கையால் வாயைப் பொத்தவில்லை, அந்த ரகமில்லை. "சரி, சொல்லிட்டேன்," என்றாள். "எனக்குன்னு ஒருத்தன் ஏற்கெனவே வீட்ல டிவி முன்னாடி உக்காந்திருக்கான் மேடம். இவன் எங்க டிப்போல வண்டி ஓட்டறான், நான் ரேடியோல இவன வெரட்டறேன். நமக்குள்ள அவ்ளோதான் சொந்தம்."

டோரீனுக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதைக் கண்டு வெட்கமாகவும் இருந்தது. அவர் பொய் சொல்லிவிட்டார், இனி மறுத்துவிடலாம். தன் எலியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

"ரெண்டு பேர் வேணும்னு போட்டிருந்தேனே," என்றாள்.

"படிச்சேன். நாலஞ்சு தடவ படிச்சேன்." அவர் இன்னும் முழங்காலில்தான் இருந்தார். "எங்கிட்ட இன்னொரு ஆளு இல்ல. அத எழுதியிருந்தா நீங்க பதில் போட்டிருக்க மாட்டீங்க."

"போட்டிருக்க மாட்டேன்தான்."

"அதான்."

கெயில் ஒரு படி கீழே இறங்கினாள், மறுபடி ஏறிக்கொண்டாள். "மனசு நல்ல மனசு மேடம். மூளைதான் கொஞ்சம்," என்றாள்.

டெல்மர் எழுந்திருக்க ஃப்ரீசரைப் பிடித்தார். அப்போது அவர் கண் டோரீனின் முன்கையில் பட்டது. காப்பிப் பாத்திரம் கழுவ ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டிருந்தாள், இறக்கிவிட மறந்துபோயிருந்தாள். பாதிப் பிறை வடிவில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஆறிக்கொண்டிருந்தன. அந்த வடிவம் என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தனியா இருக்கறப்பவா?"

"ஆமா."

"சுத்திக்கிட்டாளா?"

"மூணு சுத்து."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அவர் நெற்றி சுருங்கியது. "மவுத்வாஷ் இல்லையா வீட்ல?"

"இருந்துச்சு," என்றாள் டோரீன்.

சொன்னபிறகுதான் அந்த வார்த்தையைத் தான் சொல்லிவிட்டது அவளுக்குக் கேட்டது. இரண்டு வாரமாகத் தொண்டைக்குள் கிடந்தது ஒரே சொல்லில் வெளியே வந்து, பழுப்பு நிற சிமெண்டுத் தரையில் நின்றது. டெல்மர் அவளைப் பார்த்தார். அடுத்த கேள்வி எதுவென்று இருவருக்கும் தெரிந்தது. அவர் கேட்கவில்லை. தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எனக்கு ஒருதரம் ஒண்ணரை மணி நேரம்," என்றார் கடைசியில். "ரெண்டு வருஷம் முன்ன, கிறிஸ்துமஸ் அன்னிக்கு."

"ஏன்டா எனக்குப் போன் பண்ணல?" என்றாள் கெயில்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கா?"

கெயில் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நான் வண்டில இருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். போகிற வழியில் தட்டிலிருந்து இன்னொரு துண்டு ரொட்டி எடுக்கும் சத்தம் கேட்டது.

பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. தனியாள் வீட்டுக்கு இதை அனுப்பினால், அங்கேயும் ஒரு கடைசிப் படியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அனுப்பாவிட்டால் இந்தப் படியில் அவள். இரண்டில் எது மோசம் என்று நிறுத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. வேண்டுமென்றே போட்ட எலி வாங்கித் தந்தது இந்தப் பத்து நாளைத்தான், அதற்கு மேல் எதையும் இல்லை.

"செவ்வாய்க்கிழம எனக்கு லீவு," என்றார் டெல்மர். "வர்ற செவ்வா இல்ல, அதுக்கடுத்தது. காலைல வருவேன். தனியாத்தான் வருவேன். வேணாம்னா வாசல்லயே சொல்லிடுங்க, திரும்பிப் போயிடறேன். பொய் சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் கேக்க உரிம இல்ல."

"எலி போட்டது மறந்து இல்ல," என்றாள் டோரீன்.

"தெரியும். வியாழக்கிழம வட்டம் போட்டிருக்கீங்க." நாட்காட்டியைக் கண்ணால் காட்டினார். கொஞ்சம் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

வாசல்வரை போனவர் வண்டியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ரொட்டி வாங்கி வந்த பழைய பிளாஸ்டிக் பை, வாய் முடிந்திருந்தது.

"என் சட்டை. மூணு நாளாப் போட்டிருந்தது, மன்னிச்சுக்கணும். பொட்டிக்குள்ள போட்டு வெச்சா வாடை பழகிக்கும்னு கொண்டாந்தேன். இன்னிக்கே போற வழில அவ கூட வெக்கலாம்னு." பையை நீட்டியவர் பாதியில் தயங்கினார். "முடிவு பண்ணலன்னா வேணாம். வெச்சுட்டு, அப்புறம் குடுக்கலன்னா, அவளுக்குக் குழப்பமா இருக்கும்."

"அவளுக்கா," என்றாள் டோரீன். பையை வாங்கிக்கொண்டாள்.

வண்டி திரும்பும்போது கெயில் கண்ணாடியை இறக்கி, "ரொட்டி பிரமாதம்," என்று கத்தினாள். டெல்மர் கையை உயர்த்தினார். உப்புச் சேற்றில் இரண்டு தடங்களைப் போட்டுக்கொண்டு வண்டி சரிவில் இறங்கி மறைந்தது. டோரீன் கோப்பைகளைக் கழுவினாள். மூன்று கோப்பைகளைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

பை சமையலறை மேசைமேல் இருந்தது. மாலைவரை இருந்தது. ஆர்வோ போன முதல் மாதத்திலேயே அவருடைய துணி அத்தனையையும் துவைத்து, மடித்து, சர்ச் கிடங்குக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அழுக்காகக் கொடுக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் துவைத்தாள், துவைக்காமல் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது பிறகுதான் தெரிந்தது, கிடங்கு நிரம்ப இஸ்திரிபோட்ட சட்டைகளுக்கு நடுவில் நின்று எதையும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியபோது.

விளக்குப் போடும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பும் கறுப்பும் கட்டம்போட்ட தடித்த ஃப்ளானல். டீசல், புகையிலை இல்லாத ஏதோ ஒரு புகை, கழுத்துப் பட்டையில் மனிதத் தலையின் வாடை. தெரியாத ஆளின் வாடை. முகத்தருகே கொண்டுபோகவில்லை, கையில்தான் வைத்திருந்தாள். அதுவே எட்டியது.

கொக்கிக் கம்பியை எடுத்தாள். கண்ணாடியை நகர்த்தி, பாம்பின் முதுகில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். பெல்லமி டீச்சர் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தியது. சட்டையை ஒரு மூலையில், வெப்பம் குறைந்த பக்கமாக, கம்பியாலேயே விரித்துப் போட்டாள். கண்ணாடியை மூடினாள். போய்விட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் நின்றாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, சாப்பிட்ட களைப்போடு, ஒரு முழம் முன்னால் நகர்ந்து நின்றது. மறுபடி ஒரு முழம். நாக்கு பொத்தானைத் தொட்டது, கழுத்துப் பட்டையைத் தொட்டது, அக்குளில் நெடுநேரம் நின்றது. சட்டையின் இருண்ட உள்பக்கத்துக்குள் தலை நுழைந்தது. தோள்பட்டையில் துணி மேலெழும்பியது. அங்கிருந்து வெறுமையாகக் கிடந்த ஒரு கை, தோளில் தொடங்கி, மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடம்வரை வந்து, கொஞ்சம் மடங்கி, அப்படியே நின்றது. எலி கிடந்த வயிறு அதற்கு மேல் நுழையவில்லை. துணிக்குள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. டோரீன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், காலியாகக் கிடக்கும் அந்தக் கைநுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.